ஏற்ற ஒரு கயிறு, இழுக்க ஒரு கயிறு! - சின்னப் படகுக்குச் செலவு குறைந்த 'ஜங்க்' பாய்

'ஜங்க்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பர்கரும் பிரெஞ்ச் ஃப்ரைஸும்தான். ஆனால், கடலில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். சீனாவின் பழைய பாய்மரக் கப்பலுக்குப் பெயர் ஜங்க். வௌவால் இறக்கை மாதிரி, குறுக்கே குறுக்கே குச்சி வைத்த பாய் ஒன்று விரிந்திருக்குமே, சினிமாவில் ஹாங்காங்கைக் காட்டினால் ஒரு ஷாட்டாவது அது வந்து போகுமே... அதேதான்.

அந்தப் பாயைக் கழற்றி, இன்றைய சின்னப் பாய்மரப் படகில் மாட்டினால் என்ன ஆகும்? செலவு குறையும், வேலை குறையும், ஒரே ஆள் ஓட்டலாம். இது ஊகமில்லை. அறுபது வருடங்களுக்கும் மேலாகப் பலர் செய்து பார்த்து, அட்லான்டிக்கைத் தாண்டி, புத்தகமும் எழுதிவிட்டார்கள்.

'அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் ஏரிதானே இருக்கு, கடல் எங்கே?' என்று கேட்கலாம். கடல் தூரம்தான். ஆனால், இந்தப் பாய்க்குத் தேவையான அலுமினியக் குழாய், தடித்த துணி, தையல், லேத் வேலை எல்லாமே நம் பக்கத்துச் சமாசாரம். துறைமுகத்துக்குப் போவதும் பெரிய விஷயமில்லை. ஆவடியில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை ஒரே ரயில், எதிர்ப்பக்கம் துறைமுகம்.

பாய்மரப் படகு ஏன் பணக்காரர் சமாசாரம் ஆனது?

சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இயங்குகிறது. 1911-ல், துறைமுகத்தை நிர்வகித்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஆரம்பித்தது. நூறு வருடங்களுக்கு மேலான பாரம்பரியம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 'தாரிணி' படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். எல்லாமே பெருமைதான். ஆனாலும், ஒரு சாதாரண குடும்பத்துக்குப் பாய்மரப் படகு என்பது இன்னும் எட்டாத சரக்குதான்.

காரணம், படகின் உடம்பு மட்டுமில்லை. அதன் மேலே இருக்கும் சாமான்களும்தான். இன்று உலகம் முழுக்க ஓடும் பெரும்பாலான உல்லாசப் படகுகளில் இருப்பது 'பெர்முடா' வகைப் பாய். முக்கோணம். ஒரு உயரமான மெல்லிய பாய்மரம். அது சாய்ந்துவிடாமல் முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் எஃகுக் கம்பிகள். கம்பியை முறுக்கி இறுக்க டர்ன்பக்கிள்கள். முன்பாய் ஒன்று, பின்பாய் ஒன்று. காற்று மாறினால் மாற்றிக் கட்ட வேறு பாய்கள். அவற்றை இழுத்துக் கட்டக் கைப்பிடி போட்டுச் சுற்றும் வின்ச்கள். கடலுக்கென்றே செய்த இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் காஸ்ட்லி. உப்புக் காற்றில் கம்பிக்கு ஆயுள் உண்டு. குறிப்பிட்ட வருடங்களில் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். ஒரு கம்பியோ, ஒரு பின்னோ விட்டுப்போனால் பாய்மரமே கீழே வந்துவிடலாம்.

ஆக, பழைய 20 அடிப் படகு ஒன்று மலிவாகக் கிடைத்தாலும், அதன் கம்பி, பாய், வின்ச்சைப் புதுசாக்கும் செலவு படகு விலையைத் தாண்டிப் போய்விடும். ஜங்க் பாய் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

போர் வீரர் கண்டுபிடித்த சோம்பேறி வழி

இந்தக் கதையின் ஹீரோ ஹெர்பர்ட் 'பிளாண்டி' ஹாஸ்லர். இரண்டாம் உலகப் போரில், 1942 டிசம்பரில், சின்னச் சின்னத் துடுப்புப் படகுகளில் போய் பிரான்ஸின் போர்டோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு வெடிவைத்த பிரிட்டிஷ் வீரர்களின் தலைவர் இவர். போர் முடிந்ததும் அவருக்கு ஒரு யோசனை: ஒரே ஆள், பெரிய உடல் வலு இல்லாமல், நனையாமல், கடலைத் தாண்ட முடியுமா?

புயலில் பாயைச் சுருக்க, ஆடும் படகின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டியிருப்பதுதான் தனி ஆளுக்குப் பெரிய ஆபத்து என்பது அவர் கணக்கு. தன் 25 அடி 'ஜெஸ்டர்' படகின் மேல்தளத்தை மூடினார். நடுவில் தலை நீட்டும் அளவுக்கு ஒரு திறப்பு மட்டும் வைத்தார். ஒற்றைப் பாய்மரத்தில் சீனப் பாயை மாட்டினார். ஏற்றுவது, இறக்குவது, சுருக்குவது எல்லாம் அந்தத் திறப்பில் நின்றபடியே செய்யலாம்.

1960-ல், இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து நியூயார்க் வரை ஒற்றை ஆள் பந்தயம் நடந்தது. யோசனையே ஹாஸ்லருடையதுதான். கலந்துகொண்டவர்கள் ஐந்து பேர். 40 அடிப் படகில் போன ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாள்களில் முதலாவதாக வந்தார். 25 அடி ஜெஸ்டரில் போன ஹாஸ்லர் 48 நாள்களில் இரண்டாவது! 15 அடி நீளம் குறைந்த படகுக்கு எட்டு நாள்தான் வித்தியாசம்.

பிறகு ஜெஸ்டர் மைக்கேல் ரிச்சி என்பவர் கைக்குப் போனது. அதே பந்தயத்தில் திரும்பத் திரும்பக் கலந்துகொண்டு, 1988-ல் அட்லான்டிக்கில் மூழ்கிப்போனது. அதற்கு முந்தைய வருடம் ஹாஸ்லர் காலமானார். அவரும் ஜாக் மெக்லியோடும் சேர்ந்து எழுதிய 'பிராக்டிகல் ஜங்க் ரிக்' புத்தகம் 1988-ல் வெளிவந்தது. எந்தப் படகுக்கு எவ்வளவு பாய், குச்சி என்ன தடிமன் என்று கணக்கோடு சொல்லும் அந்தப் புத்தகம்தான், சொந்தமாகப் படகை மாற்ற நினைப்பவர்களுக்கு இன்றுவரை பாடநூல்.

ஆனி ஹில் என்ற பெண் இன்னொரு உதாரணம். பீட் ஹில்லுடன் சேர்ந்து பிளைவுட்டில் தாங்களே கட்டிய 34 அடி 'பேட்ஜர்' படகில் ஜங்க் பாய் மாட்டிக் கடல்களைச் சுற்றினார். சின்ன வருமானத்தில் எப்படிக் கடலில் வாழ்வது என்று 1993-ல் அவர் எழுதிய புத்தகம் பலருக்குத் தைரியம் கொடுத்தது. ரோஜர் டெய்லர் 'மிங்மிங்' என்ற 21 அடிப் படகில், இன்ஜினே இல்லாமல், ஆர்க்டிக் பக்கம் வரை போய் வந்தார். அதிலும் ஜங்க் பாய்தான்.

நமக்கும் இந்தப் பாய்க்கும் பழைய பழக்கம்

சீனப் பாய் தமிழர்களுக்குப் புதுசு இல்லை. சீனாவின் சுவான்ஜோ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சிவன் கோயில் இருந்ததற்கான சாட்சி அது. நம் நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என்று மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய கட்டடம், 1867-ல்தான் இடிக்கப்பட்டது. இலங்கையின் காலியில் 1911-ல் கண்டெடுத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்லின் தேதி 1409. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் நம் கரைகளுக்கு வந்துபோன சீனக் கப்பல்கள் ஓடியது இப்படிக் குச்சி வைத்த பாய்களில்தான். நம் கட்டுமரமும் தோணியும் வேறு வகைப் பாயில் ஓடின. சாய்ந்த பருமலில் கட்டிய முக்கோணப் பாய். 1980-களில் வெளியே மாட்டும் மோட்டார்கள் பரவியதும், அந்தப் பாய்கள் கரையேறிவிட்டன. பாய் தைக்கத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. டீசல், மண்ணெண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் காற்றை நினைத்துக்கொள்கிறோம். ஆனால், நினைத்த நேரத்தில் பாய் தைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே!

எப்படி வேலை செய்கிறது?

ஜன்னலில் போடும் மூங்கில் தட்டியைக் கற்பனை செய்யுங்கள். கயிற்றை இழுத்தால் மேலே போகும், விட்டால் மடிந்து மடிந்து இறங்கும். அதைத் தலைகீழாக யோசித்தால் ஜங்க் பாய்.

உயரமான நாற்கரத் துணி. மேலே ஒரு தடித்த பருமல். கீழே ஒரு கழி. நடுவில் ஐந்தாறு குறுக்குக் குச்சிகள். இவை பாயை ஆறேழு கட்டங்களாகப் பிரிக்கும். பாய் முழுவதும் பாய்மரத்துக்குப் பின்னால் இருக்காது. கொஞ்சம் முன்னாலும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் காற்று ஒருபக்கமாக மட்டும் இழுக்காமல் ஓரளவு சமன் ஆகிவிடும். பாயைப் பிடித்திருக்கும் கைக்கு வலி குறைவு. திசை மாற்றும்போது பாய் படாரென்று அடிப்பதும் குறைவு.

முக்கியமான கயிறுகள் இரண்டு. ஒன்று, பருமலைத் தூக்கும் ஏற்றுக் கயிறு. இன்னொன்று, பாயின் கோணத்தை மாற்றும் இழுப்புக் கயிறு. குச்சிகளின் பின்நுனியிலிருந்து சின்னக் கயிறுகள் வந்து, கடைசியில் இந்த ஒரே இழுப்புக் கயிற்றில் சேரும். காற்றின் பாரம் ஒரே மூலையில் விழாமல் எல்லாக் குச்சிக்கும் பங்குபோகும். இவை தவிர, பாய் பாய்மரத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் துணைக் கயிறுகள் சில உண்டு. இறங்கும் பாயை ஏந்திக்கொள்ளத் தொட்டில் மாதிரி இரண்டு பக்கமும் கயிறுகள் தொங்கும்.

இப்போது காற்று திடீரென்று வலுக்கிறது என்று வையுங்கள். ஏற்றுக் கயிற்றைத் தளர்த்தினால் போதும். ஒரு கட்டம் தன் எடையிலேயே இறங்கித் தொட்டிலில் மடியும். இன்னும் வலுத்தால் இன்னொரு கட்டம். பெர்முடா பாயில் பல நிமிட வேலை, இங்கே சில விநாடிகள். கோடை மாலையில் இடியோடு திடீர்க் காற்று அடிக்கும் நம் கரைக்கு இது சாதாரண வசதி இல்லை, உயிர்காக்கும் வசதி.

துணி ஒரு கட்டத்தில் கிழிந்தாலும், குச்சி தாண்டி அடுத்த கட்டத்துக்குக் கிழிசல் பரவுவது அரிது. பாரம் பரவலாக இருப்பதால் விலை உயர்ந்த பாய்த்துணியே வேண்டும் என்றும் இல்லை. செலவு குறைவதன் ரகசியம் இதுதான்.

மாற்றுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

முதல் கேள்வி: படகின் உடம்பு நன்றாக இருக்கிறதா? ஃபைபர் உரிந்து, அடிக்கட்டை இளகிய படகுக்குப் புதுப் பாய் மாட்டுவது, இன்ஜின் போன ஸ்கூட்டருக்கு சீட் கவர் தைப்பது மாதிரி. இரண்டாவது கேள்வி: இப்போது இருக்கும் பாயும் கம்பியும் நன்றாகவே இருக்கின்றனவா? அப்படியென்றால் மாற்றவே வேண்டாம். அதுதான் எல்லாவற்றையும்விட மலிவு!

மாற்றுவது என்று முடிவானால், முதலில் காகிதத்தில் படகின் பக்கவாட்டுப் படத்தை அளவோடு வரைய வேண்டும். பழைய முன்பாய், பின்பாய் இரண்டும் சேர்ந்த பரப்பின் மையம் எங்கே விழுகிறது என்று குறிக்க வேண்டும். புதுப் பாயின் மையமும் ஏறக்குறைய அந்த நேர்கோட்டில் வர வேண்டும். தவறினால் படகு எப்போதும் ஒரு பக்கமாகவே திரும்பப் பார்க்கும். சுக்கானைப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஜங்க்கில் ஒரே பாய் என்பதால், பாய்மரம் பொதுவாகப் பழைய இடத்தைவிட முன்னால் தள்ளிப் போகும். அதாவது, பல படகுகளில் முன் அறைப் படுக்கையின் நடுவே ஒரு தூண் வந்து நிற்கும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது பாய்மரம். ஜங்க்கில் பிடித்து நிறுத்தக் கம்பி கிடையாது. கொடிக்கம்பம் மாதிரி தானே நிற்க வேண்டும். மேல்தளத்தில் துளை போட்டு, அடிவரை இறக்கி, அடிக்கட்டையில் ஒரு குழியில் உட்கார வைக்க வேண்டும். துளையைச் சுற்றி மேல்தளத்தைத் தடித்த பலகையும் ஃபைபரும் வைத்துப் பலப்படுத்த வேண்டும். ஏனென்றால், மொத்த பாரமும் அந்தக் கழுத்தில்தான் வந்து முட்டும்.

இங்கே பலர் கணக்குப் போடும் விதம் தப்பு. பாயின் பரப்பை மட்டும் வைத்துப் பாய்மரத்தின் தடிமனை முடிவு செய்யக் கூடாது. படகு சாயும்போது அதை நிமிர்த்தப் பார்க்கும் படகின் எடைக்கும் அகலத்துக்கும் ஏற்ற வலு பாய்மரத்தில் இருக்க வேண்டும். ஒரே அளவு பாய் என்றாலும், கனமான, சாயாத படகுக்குத் தடித்த மரம் வேண்டும். மொத்த வேலையிலும் சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே இடம் இது. படகு வடிவமைப்பு தெரிந்த இன்ஜினீயரிடம் இந்த ஒரு கணக்கையாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஷாப்பிங் லிஸ்ட்

20 சதுர மீட்டர் பாய் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். குச்சி நீளம் 4 மீட்டர், சராசரி உயரம் 5 மீட்டர். பொருள்களின் ரேட் மாதாமாதம் மாறும் என்பதால் ரூபாய் போடவில்லை. அளவு தெரிந்தால் அன்றைய ரேட்டால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

*துணி:* 20 சதுர மீட்டரோடு மடிப்பு, ஓரம், வேஸ்ட்டுக்குக் கால் பங்கு சேர்த்து 25 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலத் துணி என்றால் சுமார் 17 மீட்டர் வாங்க வேண்டும். வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக் கூடாரத் துணி நல்லது. நீல நிற பிளாஸ்டிக் தார்ப்பாயில் ஒரு சோதனைப் பாய் தைத்துப் பார்க்கலாம். ஆனால், நம் வெயிலில் அது சீக்கிரம் பொடியாக உதிர்ந்துவிடும். அதை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

*குச்சிகள்:* ஐந்து குச்சி, கீழே ஒரு கழி. மொத்தம் 24 மீட்டர் குழாய். 40 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியக் குழாய் என்றால் மீட்டருக்கு சுமார் 650 கிராம். ஆக, 15 முதல் 16 கிலோ. மேலே வரும் பருமல் தடிப்பாக வேண்டும். 60 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமனில் 4 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 6 கிலோ. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அலுமினியம் பேசும்போது கிலோ கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால் இந்த எடைக் கணக்கு உதவும். '6061-டி6' என்ற ரகத்தைக் கேளுங்கள். இன்னொரு விஷயம், இந்த ரகத்தை வெல்டிங் வைத்தால் சூடு பட்ட இடம் வலுவிழக்கும். நீளம் போதாவிட்டால் உள்ளே இன்னொரு குழாயைச் செருகி ரிவெட் அடிப்பதுதான் சரி.

பட்ஜெட் இன்னும் குறைவா? மூங்கில் இருக்கவே இருக்கிறது. சீனர்கள் பயன்படுத்தியதும் மூங்கில்தானே! முற்றிய, நேரான கழியாகத் தேர்ந்தெடுத்து, காயவைத்து, வார்னிஷ் அடித்து, சில வருடங்களில் மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

*பாய்மரம்:* செலவில் முதலிடம் இதற்குத்தான். மேலே போகப் போக மெலியும் அலுமினியக் கம்பம் கிடைத்தால் உத்தமம். வெளிநாடுகளில் பலர் அலுமினியக் கொடிக்கம்பம், விளக்குக் கம்பத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். நம் தெருவிளக்குக் கம்பம் பெரும்பாலும் இரும்பு. அதே அளவு அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். சின்னப் படகின் தலையில் அவ்வளவு கனம் ஏற்றினால் கவிழும் ஆபத்து கூடும். சவுக்குக் கட்டையும் கனம்தான், காயும்போது பிளக்கும். மரத்தில்தான் செய்வதென்றால், நல்ல நேர் ரேகை உள்ள சட்டங்களை எட்டாகச் சேர்த்து, நடுவில் கூடாக, எபாக்சி பசை போட்டு ஒட்டும் முறை இருக்கிறது. எடை குறைவு, வலு அதிகம். பொறுமையான தச்சர் ஒருவர் வேண்டும்.

*கயிறு:* ஏற்றுக் கயிறு, இழுப்புக் கயிறு இரண்டுக்கும் சேர்த்து 60 மீட்டர் என்று தொடங்கலாம். கையில் பிடிக்க வாகாக 12 மில்லிமீட்டர் பாலியஸ்டர். பாயும் குச்சியும் பருமலும் சேர்ந்தால் எடை 26, 27 கிலோ வரும். மூன்று மடங்கு கப்பி வைத்தால், உராய்வு நீங்கலாக, ஒன்பது கிலோ தூக்கும் வலு போதும். கிணற்றில் ஒரு குடம் இறைக்கிற பலம். வின்ச் தேவையில்லை.

*தையல்:* லாரி தார்ப்பாய், ஆட்டோ டாப், சீட் கவர் தைக்கும் கடைகளில் இருக்கும் கனரக மெஷினே போதும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் முக்கியம். துணி நன்றாக இருந்து நூல் இற்றுப்போனாலும் பாய் போச்சு. ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961-லிருந்து இருக்கிறது. தையலை வைத்தே குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. பாய் என்பது பெரிய சைஸ் தையல்தான்.

*சில்லறை:* பாய்மரம் இறங்கும் துளையில் மழையும் அலையும் உள்ளே வராமலிருக்க, பழைய லாரி டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுவது உலகமெங்கும் நடக்கிற வைத்தியம். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். உப்பு நீரில் இரண்டு உலோகமும் நேராக உரசினால் அலுமினியம் அரித்துவிடும்.

பிளவுஸ் டார்ட் டெக்னிக்!

தட்டையாக வெட்டித் தைத்த ஜங்க் பாய்க்கு ஒரு குறை உண்டு. காற்று பின்னாலிருந்தோ, பக்கத்திலிருந்தோ வந்தால் நன்றாக ஓடும். எதிர்க்காற்றில் சாய்ந்து சாய்ந்து முன்னேறும்போது சோம்பும். பெர்முடா பாய் அங்கே ஜெயிக்கும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி தையல் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பிளவுஸில் டார்ட் பிடித்து உடம்புக்கு ஏற்ற வளைவு கொண்டுவருகிறோம் அல்லவா? அதேபோல ஒவ்வொரு கட்டத்தின் துணியையும் குச்சிக்கு நடுவே கொஞ்சம் உப்பலாக வரும்படி வெட்டித் தைப்பது. 4 மீட்டர் அகலத்துக்கு 8 சதவிகித உப்பல் என்றால், நடுவில் 32 சென்டிமீட்டர் ஆழம். இப்படித் தைத்த பாய்கள் எதிர்க்காற்றிலும் மதிப்பாக ஓடுகின்றன. வேலை கூடுதல், துணி சற்றே கூடுதல். ஆனால், பலன் பெரிது.

எல்லாம் நல்லதுதானா?

இல்லை. பந்தயத்தில் ஜெயிக்க ஆசைப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது. பாய் மொத்தமாகக் கனம். காற்றே இல்லாத நாளில் குச்சிகள் ஆடி ஆடி ஓசை எழுப்பும். குச்சியும் கயிறும் உரசும் இடங்களை அடிக்கடி பார்த்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். படகை விற்க நினைத்தால், 'இது என்ன வித்தியாசமா இருக்கே' என்று வாங்குபவர் தயங்கலாம்.

கடலும் யாருக்கும் சலுகை காட்டாது. 1968-ல் நடந்த கோல்டன் குளோப் உலகம் சுற்றும் போட்டியில் பில் கிங் என்ற முன்னாள் நீர்மூழ்கிக் கப்பல் கமாண்டர், இரட்டை ஜங்க் பாய் கட்டிய 'கால்வே பிளேசர் 2' படகில் கிளம்பினார். தென் அட்லான்டிக் புயலில் படகு உருண்டு, பாய்மரம் சேதமாகி, கேப் டவுனில் ஒதுங்க வேண்டியதாயிற்று. மனிதர் விடவில்லை. அதே படகில் பிறகு உலகைச் சுற்றி 1973-ல் முடித்தார். எளிமையான பாய் என்பதற்காக, பாய்மரத்தின் வலுவில் விளையாட முடியாது என்பதற்கு இது பாடம்.

தண்ணீரில் இறக்கும் முன்...

பாய் ரெடியானதும் நேரே மெரினா அலைக்குப் போய்விடாதீர்கள். 'செம்பரம்பாக்கம் பக்கத்தில்தானே இருக்கு' என்ற யோசனையும் வேண்டாம். அது ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி. முதலில் கரையிலேயே பாய்மரத்தை நிறுத்தி, காற்று அதிகமில்லாத நாளில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இருபது முறை. கண்ணை மூடிக்கொண்டும் சுருக்க வர வேண்டும். ராத்திரிக் கடலில் கண் உதவாது.

படகைக் கடலில் இறக்குவதற்கும், துறைமுக எல்லைக்குள் ஓட்டுவதற்கும் உரிய அனுமதி வாங்க வேண்டும். பாய்மரப் படகுக் கிளப் ஒன்றில் சேர்ந்து அடிப்படைப் பயிற்சி எடுத்துவிடுவது, அனுமதிக்கும் உயிருக்கும் நல்லது. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சீசன். புது பாயைச் சோதிக்க அது நேரமில்லை. வானிலை எச்சரிக்கை இருக்கும்போது மீனவர்கள் கரையில் இருந்தால் நீங்களும் கரையில் இருங்கள். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துவைக்கலாம்.

இந்த ஞாயிறு வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

படகு இல்லையா? பரவாயில்லை. பழைய வேட்டித் துணியில் ஒரு முழ உயரம், முக்கால் முழ அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். குறுக்கே ஏழு இடத்தில் துடைப்ப ஈர்க்குச்சியை வைத்துத் தைத்துவிடுங்கள். உச்சியில் இருக்கும் ஈர்க்குக்கு மட்டும் ஒன்றிரண்டு சேர்த்துக் கட்டுங்கள், அது பருமல். ஒரு நேரான குச்சியைப் பழைய தெர்மாகோல் பெட்டியில் குத்தி நிறுத்தினால் பாய்மரம். பாயின் ஆறில் ஒரு பங்கு மரத்துக்கு முன்னால் வருகிற மாதிரி நூலால் தளர்வாகக் கட்டி, பருமலில் ஏற்றுக் கயிறாக ஒரு நூல் விடுங்கள். மரத்தின் உச்சியிலிருந்து பாயின் இரு பக்கமும் ஆளுக்கொரு நூலைக் கீழே இறக்கி, அடிக்கழிக்குக் கீழே முடிச்சுப் போட்டால் தொட்டில் ரெடி.

டேபிள் ஃபேனை மெதுவாக வைத்துப் பாயை ஏற்றுங்கள். பிறகு ஃபேனை வேகப்படுத்தி, நூலைக் கொஞ்சம் விடுங்கள். ஒரு கட்டம் தானாக மடிந்து தொட்டிலில் உட்காருவதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு முக்கோணத் துணியையும் கட்டி, அதே ஃபேனில் சுருக்கிப் பாருங்கள். எது சுலபம் என்று வீட்டுக் குட்டீஸே சொல்லிவிடுவார்கள். நீங்கள் செய்த பாய் ஃபேன் காற்றில் எத்தனை கட்டம் வரை தாங்கியது என்று எண்ணி எழுதி வையுங்கள். பெரிய பாய் தைக்கப் போகிறவர்களும் முதலில் செய்வது இதையேதான்.